நாணும் வர்க்கமூலமும்: கணிப்பு மரபில் திருத்தத்தின் இடம்

மலையகப் புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டிலே பதுளையை வந்தடைந்தது. பட்டிப்பொலையருகே 6,200 அடிக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள முகட்டைக் கடந்து, ஊவாவின் மலைச்சரிவுகளில் வளைந்து வளைந்து இறங்கும் அப்பாதையின் மிகக் கடிய சாய்வு 44 இற்கு 1 ஆகும். கிடையாக 44 அடி செல்லுமிடத்து நிலைக்குத்தாக ஓரடி ஏறுதல் அல்லது இறங்குதல் என்பது இதன் பொருள்.

இச்சிறு கூற்றினுள் திரிகோண கணிதத்தின் அடிப்படை முழுவதும் அடங்கியுள்ளது எனலாம். ஒன்றை நாற்பத்து நான்கால் வகுத்துப் பெறுவது தாஞ்சன் எனப்படும் விகிதம். அதற்குரிய கோணம் ஏறத்தாழ 1 பாகை 18 கலை. தண்டவாளத்தின் வழியே அளந்தால் வரும் நீளம் யாது என வினவின், செங்கோண முக்கோணியின் செம்பக்கத்தைக் காணல் வேண்டும். அதற்கு 44இன் வர்க்கமாகிய 1936உடன் 1ஐக் கூட்டி, 1937இன் வர்க்கமூலத்தைக் கணித்தல் வேண்டும். எனவே திரிகோண விகிதமும் வர்க்கமூலமும் ஒரே முக்கோணியிலிருந்து எழும் இரு வினாக்களாகும். வரலாற்றிலும் அவை பிரியாது ஒருங்கே வளர்ந்து வந்துள்ளன.

இன்று இவ்விரண்டையும் கணிகருவியின் பொத்தானொன்று நொடிப் பொழுதில் தருகின்றது. கருவியில்லாத காலத்தில் நம் முன்னோர் இவற்றை எங்ஙனம் கண்டனர் என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முன்னோர் பெருமையைப் பாடுவது அன்று நமது கருத்து. ஒரு கணிப்பு மரபின் தகுதியை எதனைக் கொண்டு அளப்பது என்பதே நம்முன் உள்ள வினா. விடையின் நுண்மையைக் கொண்டு மட்டும் அதனை அளத்தல் போதாது. தன் விடை எவ்வளவு தவறுகின்றது என்பதை அறிந்து, அதனைத் திருத்தும் வழியையும் தன்னகத்தே கொண்டிருக்கும் மரபே உயிருள்ள மரபு. பின்வரும் சான்றுகள் இதனைத் தெளிவாக்கும்.

வேள்விக் களத்தில் பிறந்த மூலம்

வர்க்கமூலத்தைக் கணித்தமைக்கான மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று பாபிலோனியரது களிமண் பலகையாகும். கி.மு. 1800 - 1600 காலப் பகுதியைச் சேர்ந்ததும், இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளதுமான அப்பலகையில் ஒரு சதுரமும் அதன் மூலைவிட்டங்களும் வரையப்பட்டுள்ளன. இரண்டின் வர்க்கமூலம் அதில் அறுபதின் அடியெண்ணில் பொறிக்கப்பட்டுள்ளது. தசமத்தில் எழுதின் அது 1.414213 ஆகும். ஐந்து தசமதானங்கள் வரை உண்மைப் பெறுமானத்திலிருந்து அது வேறுபடவில்லை. ஆனால் அவ்விடை எவ்வழியிற் கிடைத்தது என்பதைப் பலகை கூறவில்லை.

இந்தியாவில் இக்கணக்கு வேள்விக் களத்தில் எழுந்தது. ஒரு சதுர மேடையின் பரப்பை இருமடங்காக்கி இன்னொரு சதுர மேடை அமைக்க வேண்டுமாயின், அதன் பக்கம் முதற் சதுரத்தின் மூலைவிட்டத்துக்குச் சமமாதல் வேண்டும். கயிற்றைக் கொண்டு மேடைகளை அளந்தமைத்த முறைகளைக் கூறும் சுல்ப சூத்திரங்களில், போதாயனர் இதற்கென ஒரு விதியைத் தருகின்றார். ஒன்றுடன் அதன் மூன்றிலொன்றைக் கூட்டுக. அம்மூன்றிலொன்றின் நான்கிலொன்றையும் கூட்டுக. பின்னர் அந்த நான்கிலொன்றின் முப்பத்து நான்கிலொன்றைக் கழித்து விடுக என்பது அவ்விதி. எண்களில் எழுதின்,

1 + 1/3 + 1/12 − 1/408 = 577/408 = 1.4142157

என வரும். உண்மைப் பெறுமானம் 1.4142136. வேறுபாடு ஐந்தாம் தசமதானத்துக்குப் பின்னரே தோன்றுகின்றது.

இவ்விதியின் இறுதியுறுப்புக் கழித்தலாக அமைந்தமை சிந்தனைக்குரியது. முதல் மூன்று உறுப்புகளைக் கூட்டினால் 17/12 வரும். பதினேழின் வர்க்கம் 289. பன்னிரண்டின் வர்க்கத்தை இரட்டித்தால் 288. ஆகவே 17/12 என்பது சற்றே மிகையானது. அம்மிகையை, அதாவது 1/144 என்னும் பரப்பை, சதுரத்தின் இரு விளிம்புகளிலிருந்தும் மெல்லிய கீற்றுகளாக அரிந்தெடுக்க வேண்டும் எனக் கொள்வோம். ஒவ்வொரு கீற்றின் நீளமும் 17/12. எனவே அதன் அகலம், 1/144ஐ 17/12இன் இருமடங்கால் வகுத்துப் பெறுவதாகும். அவ்வாறு வகுத்தால் மிகச் சரியாக 1/408 கிடைக்கின்றது. விதியின் இறுதியுறுப்பு இங்ஙனம் விளக்கம் பெறுகின்றது. முதலில் ஒரு மதிப்பீடு. அதன்மேல் அதன் பிழையைக் காணல். பின்னர் அப்பிழையைப் பகிர்ந்து நீக்கல். இம்மூன்றும் ஒரே வாக்கியத்தினுள் அடங்கி நிற்பதே போதாயனர் விதியின் சிறப்பு.

மீதியைப் பகிரும் முறை

இம்முறை பொதுவிதியாக வடிவம் பெற்றமையைப் பக்சாலிக் கையெழுத்துப் பிரதியிற் காண்கிறோம். 1881ஆம் ஆண்டிலே பெசாவருக்கு அண்மையில் உள்ள பக்சாலி என்னும் ஊரில் நிலத்தடியிலிருந்து கிடைத்த இப்பூர்ச்சமரப் பட்டை ஏடுகள் இப்பொழுது ஒக்ஸ்போர்ட் பொட்லியன் நூலகத்தில் உள்ளன. அவற்றின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

முழுவர்க்கம் அல்லாத எண்ணுக்கு மூலம் காண அது கூறும் வழி வருமாறு: எண்ணுக்குள் அடங்கும் அண்மைய வர்க்கத்தை எடுத்து அதன் மூலத்தைக் கொள்க. மீதியை அம்மூலத்தின் இருமடங்கால் வகுத்து மூலத்துடன் கூட்டுக. இவ்வாறு கூட்டிய பின்னத்தின் வர்க்கத்தை, புதிய மூலத்தின் இருமடங்கால் வகுத்துக் கழித்து விடுக. எடுத்துக்காட்டாக, 41இன் மூலம் காண்போம். அண்மைய வர்க்கம் 36, அதன் மூலம் 6, மீதி 5. ஐந்தைப் பன்னிரண்டால் வகுத்துக் கூட்டின் 6.41667. இரண்டாந் திருத்தத்தைச் செய்தால் 6.40314. உண்மை 6.40312. இரண்டே படிகளில் நான்கு தசமதானங்கள் கைகூடி விடுகின்றன.

நமது புகையிரதப் பாதைக்கு இவ்விதியைப் பொருத்திப் பார்ப்போம். 1937இன் மூலம் வேண்டும். அண்மைய வர்க்கம் 1936, மூலம் 44, மீதி 1. எனவே விடை 44 + 1/88, அதாவது 44.01136. கிடையாக 44 அடி செல்லும் பாதை தண்டவாளத்தின் வழியே ஓரங்குலத்தின் ஏழிலொரு பங்களவே கூடுதலாக நீள்கின்றது என்பது இதனால் விளங்கும். காகிதமும் எழுதுகோலும் இன்றியே மனத்தாற் செய்யக்கூடிய கணக்கு இது. இரண்டாந் திருத்தத்தைச் செய்யப் புகுந்தால் மாற்றம் ஆறாம் தசமதானத்திலேதான் தோன்றும். எங்கே நிறுத்தலாம் என்பதையும் விதியே நமக்குச் சொல்லி விடுகின்றது.

தமிழில் வழங்கும் ஒரு விதி

இவ்விடத்தில், போதாயனர் பெயரால் தமிழில் வழங்கும் செய்யுள் ஒன்றனை நோக்குதல் பொருத்தமுடைத்து. வர்க்கமூலம் காணாமலே செம்பக்கத்தைக் கணிக்கும் வழியை அது கூறுகின்றது. நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளி, எஞ்சியதனோடு குறுகிய பக்கத்தின் பாதியைச் சேர்த்தால் செம்பக்கம் வந்துவிடும் என்பது அதன் கருத்து. பைதகரசின் தேற்றத்தைத் தமிழர் அவருக்கு முன்னரே அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றாக இச்செய்யுளைப் பலர் மேடைகளிலே எடுத்தாளுவர்.

விதியைச் சோதித்துப் பார்ப்போம். பக்கங்கள் 4, 3 எனின், மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5, சரியான விடை. 12, 5 எனின், பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13, இதுவும் சரி. இவ்விரு முக்கோணிகளுக்கும் இடைப்பட்ட வடிவங்களில் விதியின் பிழை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. தச்சருக்கும் கொத்தருக்கும் இஃது ஒரு நல்ல கைவிதி என்பதில் ஐயமில்லை.

ஆனால் இரு பக்கங்களும் சமமாயின், 1.414க்குப் பதிலாக 1.375 வருகின்றது. பதுளைப் பாதையின் 44, 1 என்னும் பக்கங்களுக்கு இவ்விதியை இட்டால் முப்பத்தெட்டரையும் அரையும் சேர்ந்து 39 வருகின்றது. செம்பக்கம் நீண்ட பக்கத்திலும் குறுகிவிடுகின்றது! எந்த முக்கோணியிலும் இது நிகழவியலாது. செய்யுளின் காலம் எதுவாயினும், அது கூறுவது தேற்றமன்று. குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டும் பயன்தரும் அண்ணளவு. எல்லை யாது என்பதையும், எல்லை கடந்தால் என்ன செய்வது என்பதையும் விதி கூறவில்லை. சுல்ப சூத்திரத்தின் விதிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. தமிழரின் கணித அறிவுக்கு இதனினும் உறுதியான சான்றுகள் உள்ளன. அவற்றை விடுத்து இதனைத் தூக்கிப் பிடிப்பது நமக்கு நாமே இழைக்கும் குறையாகும்.

வில், நாண், அம்பு

இனித் திரிகோண விகிதங்களுக்கு வருவோம். கிரேக்க வானியலாளர் வட்டத்தின் முழுநாண்களை அட்டவணைப்படுத்தினர். இந்திய வானியலாளர் அரைநாணை அளவாகக் கொண்டனர். அம்மாற்றமே இன்றைய சைன் விகிதத்தின் தோற்றம். வட்டத்தின் ஒரு பகுதி வில். அதன் இரு முனைகளையும் இணைப்பது நாண். நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவைத் தொடுவது அம்பு. நாணைக் குறித்த ஜீவா என்னும் வடசொல் அரபு மொழியில் ஒலிபெயர்க்கப்பட்டு, அரபியில் மடி அல்லது வளைவு என்னும் பொருளுடைய பிறிதொரு சொல்லாகப் படிக்கப்பட்டு, இலத்தீனிலே அப்பொருளுக்குரிய சொல்லாக மொழிபெயர்க்கப்பட்டது. சைன் என்னும் பெயர் அவ்வாறு வந்ததே. சொல்லின் பயணத்தில் பொருள் மாறியது, அளவு மாறவில்லை.

476இல் பிறந்த ஆரியபடர் தமது இருபத்து மூன்றாம் வயதாகிய 499ஆம் ஆண்டைக் குறிப்பிட்டு இயற்றிய ஆரியபடீயம், வர்க்கமூலத்தைத் தானந்தானமாகக் காணும் முறையையும் அரைநாண் அட்டவணையையும் ஒரே நூலில் தருகின்றது. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தமை தற்செயலன்று. வட்டத்தின் பரிதியை 21,600 கலைகளாகக் கொண்டால் அதன் ஆரை 3,438 கலைகளாகும். காற்பகுதியாகிய 90 பாகையை 24 கூறுகளாக்கி, 3¾ பாகைக்கு ஒன்றாக அரைநாண்களை அவர் கணித்தார்.

முப்பது பாகையின் அரைநாண் ஆரையின் பாதி, அதாவது 1,719. வர்க்கமூல விதியால் இதிலிருந்து 60 பாகையின் அரைநாண் ஏறத்தாழ 2,977 எனக் கிடைக்கும். 3,438இலிருந்து இதனைக் கழித்தால் 30 பாகைக்குரிய அம்பு 461. அரைநாண் 1,719இன் வர்க்கத்தையும் அம்பு 461இன் வர்க்கத்தையும் கூட்டி மூலங்கண்டால் 1,780. அதன் பாதியாகிய 890 என்பதே 15 பாகையின் அரைநாண். இதே முறையை மீண்டும் செய்தால் 7½ பாகைக்கு 449உம், இன்னுமொரு முறை செய்தால் 3¾ பாகைக்கு 225உம் வருகின்றன. ஆரியபடரின் அட்டவணையிலும் இவ்வெண்களே காணப்படுகின்றன. ஒவ்வொரு படியிலும் ஒரு வர்க்கமூலம் தேவைப்படுவதை நோக்குக. மூலங்காணும் வழி அறியாதார் நாண் அட்டவணையை இவ்வழியில் அமைத்தல் இயலாது.

ஆரியபடர் அரைநாண்களை நேரே தராமல் அவற்றின் வேறுபாடுகளைத் தந்தார். அவை 225, 224, 222, 219, 215, 210 எனத் தொடங்கி 7 என முடிகின்றன. இருபத்து நான்கையும் கூட்டினால் ஆரையாகிய 3,438 வரும். இவ்வேறுபாடுகளுக்கு அவர் ஒரு விதியும் கூறினார். அதுவரை சேர்ந்த நாணளவை முதல் நாணாகிய 225ஆல் வகுத்து வருவதே அடுத்த வேறுபாட்டில் ஏற்படும் குறைவு. 225ஐ 225ஆல் வகுத்தால் 1. எனவே அடுத்தது 224. சேர்ந்த 449ஐ வகுத்தால் ஏறத்தாழ 2. எனவே அடுத்தது 222. சேர்ந்த 671ஐ வகுத்தால் ஏறத்தாழ 3, எனவே 219. கோணம் வளர வளர நாணின் வளர்ச்சி குன்றுகின்றது. எவ்வளவு குன்றுகின்றது என்பதை நாணே தீர்மானிக்கின்றது. இன்றைய நுண்கணிதம் இரண்டாம் வகையீடு எனக் கூறும் உண்மையின் வித்து இதனுள் உள்ளது.

அட்டவணையில்லாத சைன்

அட்டவணை கைவசம் இல்லாதபோது என்செய்வது? 629ஆம் ஆண்டிலே ஆரியபடீயத்துக்கு உரை கண்ட முதலாம் பாஸ்கரர், தமது மகாபாஸ்கரீயத்தில் இதற்கு விடை தருகின்றார். கோணத்தை 180இலிருந்து கழித்து வந்ததைக் கோணத்தாற் பெருக்குக. அப்பெருக்கத்தை நான்கு மடங்காக்கி மேலே இடுக. 40,500இலிருந்து அப்பெருக்கத்தைக் கழித்துக் கீழே இடுக. வகுத்து வருவது சைன்.

முப்பது பாகைக்குப் பெருக்கம் 4,500. மேலே 18,000, கீழே 36,000. விடை மிகச் சரியாக அரை. 45 பாகைக்கு 12/17, அதாவது 0.7059, உண்மை 0.7071. சுல்ப சூத்திரத்தின் இடைநிலை எண்ணாகிய 17/12 இங்கே தலைகீழாக வந்து நிற்பது சுவைக்கத்தக்கது. சுழியம் முதல் 180 பாகை வரை எந்தக் கோணத்திலும் இவ்விதியின் பிழை ஆயிரத்தில் இரண்டைத் தாண்டுவதில்லை. மேற்கூறிய தமிழ் விதியைப் போல இதுவும் அண்ணளவே. ஆயினும் இது தன் எல்லை முழுவதிலும் நம்மைக் கைவிடாத அண்ணளவு.

இதன் பயன் ஊவாவின் மலைச்சரிவிலே புலப்படும். 20 பாகைச் சரிவில் 66 அடிச் சங்கிலியைத் தரையோடு ஒட்டி விரித்தால், நிலப்படத்தில் அதற்குரிய கிடைநீளம் என்ன? 20 பாகையின் கோசைன், அதன் நிரப்புகோணமாகிய 70 பாகையின் சைனுக்குச் சமம். பாஸ்கரரின் விதி 0.9390 எனத் தருகின்றது, உண்மை 0.9397. சங்கிலி முழுவதற்கும் வரும் வேறுபாடு ஏறத்தாழ அரை அங்குலம். பதுளையிலோ மொனராகலையிலோ ஒரு தோட்டத்தின் பரப்பை ஏக்கரில் கூறும்போது, நாம் கூறுவது இக்கிடைப்பரப்பையே. 30 பாகைச் சரிவில், நிலப்படத்தின் ஓர் ஏக்கர் உண்மையில் ஏறத்தாழ 1.15 ஏக்கர் மேற்பரப்பாகும். கொழுந்துக் கூடையைச் சுமந்து ஏறுபவரின் கால் நடப்பது நிலப்படத்தின் ஏக்கரிலன்று. கோசைனால் வகுத்துப் பெற்ற ஏக்கரில். இவ்விகிதம் ஏட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் அண்மையான சான்று நமக்கு வேண்டுவதில்லை.

மாதவரின் தொடர்

இம்மரபு தன் உச்சத்தை எய்தியது கேரளத்திலாகும். சங்கமகிராமத்து மாதவர் (ஏறத்தாழ 1340 - 1425) சைனுக்கு முடிவிலித் தொடரைக் கண்டார். அவரது நூல்கள் பலவும் மறைந்தன எனினும், நீலகண்டர் முதலிய பிற்காலத்தார் எடுத்துக்காட்டிய பகுதிகள் எஞ்சியுள்ளன. 1530ஆம் ஆண்டையடுத்து ஜேஷ்டதேவர் மலையாள உரைநடையில் இயற்றிய யுக்திபாஷை, இத்தொடர்களுக்குரிய நிறுவல்களைப் படிப்படியாக விளக்குகின்றது. ஐரோப்பாவில் கிரகரியும் நியூற்றனும் லைப்னிற்சும் இத்தகைய தொடர்களைக் கண்டது பதினேழாம் நூற்றாண்டில். கேரளத்தாரின் சாதனையை 1834இல் வெளிவந்த கட்டுரையொன்றின் வாயிலாக மேலைநாட்டாருக்கு அறிவித்தவர் சார்ள்ஸ் விஷ் என்னும் கம்பனி உத்தியோகத்தராவர்.

தொடரின் கருத்து எளியது. சிறு கோணத்தில் வில்லும் அரைநாணும் ஏறத்தாழச் சமம். ஆகவே முதலில் வில்லையே நாணெனக் கொள்க. அது மிகை, மிகையைக் கணித்துக் கழிக்க. கழித்தது சற்றே கூடிவிட்டது. கூடியதைத் திரும்பக் கூட்டுக. 30 பாகைக்கு இதனைச் செய்து பார்ப்போம். வில்லின் அளவு ஆரையனில் 0.523599. முதற் திருத்தத்தின் பின் 0.499674. இரண்டாந் திருத்தத்தின் பின் 0.500002. உண்மை விடை அரை. போதாயனர் ஒருமுறையும் பக்சாலி ஏடு இருமுறையும் செய்த திருத்தத்தை, வேண்டியவரை செய்துகொண்டே செல்லும் ஒழுங்காக மாதவர் ஆக்கினார். அவரது அட்டவணையில் 3¾ பாகையின் அரைநாண் 224 கலை 50 விகலை 22 தற்பரை. ஆரியபடரின் 225 கலை, ஒன்பது நூற்றாண்டுகளின் பின்னர் இவ்வளவு நுண்மை பெற்றது.

அதே பரம்பரையில் வந்த பரமேசுவரர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களையும் கோள்களையும் நேரில் நோக்கி, 1431இல் திருக்கணிதம் என்னும் திருத்திய முறையை வகுத்தார். கணக்கும் வானும் முரண்படின் திருத்த வேண்டியது கணக்கையே என்பது அவர் கொள்கை. திருத்தம் எண்ணுக்குள் மட்டும் நிகழ்வதன்று. எண்ணுக்கும் உலகுக்கும் இடையிலும் நிகழ வேண்டும் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகின்றது.

சோழியும் தியோடலைற்றும்

தமிழ்நாட்டில் இக்கணிப்பு வாக்கியம் என்னும் வடிவில் வழங்கியது. எழுத்துகளுக்கு எண்மதிப்பு அளிக்கும் கடபயாதி முறையில், எண்கள் சொற்களாக மாற்றப்பட்டன. அம்முறையில் இராமன் பெயராகிய ராம என்பது 52ஐக் குறிக்கும். ரகரம் 2, மகரம் 5, வலமிருந்து இடமாக வாசித்தல் மரபு. சந்திரனின் நிலையைக் கூறும் 248 வாக்கியங்களை மனனஞ் செய்தவர், நாளுக்குரிய வாக்கியத்தை நினைவிலிருந்து எடுத்துக் கணிப்பார். காஞ்சிப் பகுதியில் ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் தோன்றிய வாக்கியகரணம் இம்மரபின் தலையாய நூல். குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் 1962இல் இதனைப் பதிப்பித்தனர். நாணின் கணிப்பு முழுவதும் வாக்கியத்தினுள் முன்னரே செய்து முடிக்கப்பட்டுள்ளது. ஆகவே வாக்கியம் சொல்பவருக்கு நாண் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை.

இதன் விளைவை ஐரோப்பியர் இருவர் நேரிற் கண்டு எழுதினர். வெள்ளி சூரியனைக் கடக்கும் காட்சியைக் காணப் புதுச்சேரிக்கு வந்து, 1769 ஜூன் மாதத்தில் முகிலால் ஏமாற்றமடைந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்தீல், அங்குத் தங்கிய காலத்தில் தமிழரின் கணிப்பு முறையைக் கற்றார். அவர்கள் கிரகணத்தைக் கணிக்கும் விரைவு அவரை வியக்க வைத்தது. மற்றவர் ஜோன் வாரன். 1825இல் சென்னையில் வெளிவந்த காலசங்கலிதம் என்னும் அவரது நூல், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் நிலத்திலே சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்த வாக்கியங்களைக் கொண்டு, அவ்வாண்டு மே 31 - ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்தமையை விவரிக்கின்றது. கிரகணத்தின் தொடக்கத்தில் நான்கு நிமிடமும், நடுவில் இருபத்து மூன்று நிமிடமும், முடிவில் ஐம்பத்திரண்டு நிமிடமும் கணக்குத் தவறியது. அக்கணிதருக்கு வானியற் கோட்பாடு ஒன்றும் தெரியாது. ஆயின் அவரது நினைவாற்றல் அரியது என்பது வாரனின் மதிப்பீடு.

வாரன் யார் என்பதையும் நோக்குதல் வேண்டும். வில்லியம் லாம்ற்றன் 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே ஏழரை மைல் அடித்தளக்கோட்டை அளந்து தொடங்கிய திரிகோண அளவையில், உதவியாளராகப் பணியாற்றியவர் அவர். அரைத் தொன் நிறையுடைய பெருந் தியோடலைற்றுக் கருவியால் கோணங்களை அளந்து, அச்சிட்ட சைன், மடக்கை அட்டவணைகளைப் புரட்டி முக்கோணிகளைத் தீர்த்த குழுவைச் சேர்ந்தவர். தஞ்சைப் பெருங்கோயிற் கோபுரத்தின் மீது அக்கருவியை ஏற்றும்போது 1808இல் கயிறு அறுந்து கருவி சேதமுற்ற நிகழ்ச்சி யாவரும் அறிந்தது. ஆங்கு அட்டவணையைப் புரட்டிய உதவியாளருக்கு மட்டும் அதன் ஒவ்வோர் எண்ணும் எவ்வாறு பிறந்தது என்று தெரிந்திருந்ததா? தேவையில்லை. அச்சிட்ட அட்டவணையும் ஒருவகை வாக்கியமே.

அவ்வாறாயின் இரண்டு மரபுகளுக்கும் உள்ள வேறுபாடு யாது? அச்சிட்ட அட்டவணைகளில் பிழைகள் மலிந்திருந்தன. அப்பிழைகளைக் கண்டறிந்து பட்டியலிடும் வழக்கமும் உடனிருந்தது. அப்பிழைகளை ஒழிக்கவே சார்ள்ஸ் பபேஜ் 1822இல் வேறுபாட்டுப் பொறியின் திட்டத்தை வெளியிட்டார். ஆரியபடர் தம் அட்டவணையில் கையாண்டது போலவே அதுவும் வேறுபாடுகளைக் கூட்டிக் கூட்டி அட்டவணை அமைக்கும் பொறியாகும். சோழிக் கணிதரிடம் குறைந்தது அறிவு அன்று. அவருக்கும் அவருடைய வாக்கியத்தை ஆக்கியோருக்கும் இடையிலிருந்த பாலம் உடைந்திருந்தது. ஐம்பத்திரண்டு நிமிடப் பிழையைக் கண்டாலும் எதனைத் திருத்துவது என அறிய வழியில்லாத நிலையே அவரது நிலை. பரமேசுவரர் வாழ்ந்த நாட்டுக்கு அடுத்த நாட்டிலேயே இது நிகழ்ந்தது என்பது எண்ணத்தக்கது.

இவ்வரலாறு முடிந்த கதையன்று. ஒவ்வொரு சித்திரையிலும் வருடப்பிறப்பு நேரத்தை வாக்கிய பஞ்சாங்கத்தின்படி ஒன்றும், திருக்கணித பஞ்சாங்கத்தின்படி இன்னொன்றுமாக நம் செய்தித்தாள்கள் இன்றும் வெளியிடுகின்றன. ஊவாவின் தோட்டக் கோயில்களிலும் இல்லங்களிலும் அவ்விரு நேரங்களுள் எதனைக் கொள்வது என்ற வினா எழுகின்றது. வழிபடுவோரின் விருப்பத்தில் தலையிடுவது நமது பணியன்று. ஆனால் இரண்டு நேரங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி எங்கிருந்து வந்தது என்பதை வரலாற்று மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். பழைய மாறிலிகளை அவ்வாறே காத்து வரும் கணக்குக்கும், வானை நோக்கித் திருத்திய கணக்குக்கும் இடைப்பட்ட தூரமே அது.

பொத்தானின் உள்ளே

1959இல் ஜக் வோல்டர் வெளியிட்ட முறையொன்று, சில கோணங்களை மட்டும் நினைவில் வைத்து, வேண்டிய கோணத்தை நோக்கி முன்னும் பின்னுமாகத் திருப்பி, எஞ்சும் கோணத்தைப் படிப்படியாகக் குறைத்துச் சைனைக் காண்கின்றது. கூட்டலும் இடப்பெயர்ச்சியும் அன்றிப் பெருக்கல்கூட அதற்கு வேண்டுவதில்லை. 1972இல் வெளிவந்த முதலாவது கையடக்க விஞ்ஞானக் கணிகருவி இத்தகைய முறையையே கையாண்டது. மதிப்பிடு, மீதியைப் பார், திருத்து என்னும் பழைய ஒழுங்கே இன்று நாம் அழுத்தும் பொத்தானின் உள்ளேயும் இயங்குகின்றது.

அப்பொத்தானை அழுத்தும் மாணவர், வாரனின் கணிதர் இருந்த இடத்திலேயே இருக்கக்கூடும். அவருக்கு நினைவாற்றலேனும் துணை நின்றது; நமக்கு அதுவும் இல்லை. இதற்கு மாற்று கணிகருவியைத் துறப்பதன்று. 41இன் மூலத்தை ஒருமுறையேனும் கையாற் கண்டு, பிழை எவ்வாறு சுருங்குகின்றது என்பதைக் கண்ணாற் காணுதல் போதுமானது. 30 பாகையின் சைனை மூன்று படிகளில் அணுகிப் பார்த்தவருக்கு, கருவி காட்டும் பத்து இலக்கங்களுள் எத்தனை தமக்குத் தேவை என்பது விளங்கும். தேயிலைச் சரிவின் ஏக்கரைக் கோசைனால் வகுக்கத் தெரிந்தவர், நிலப்படம் கூறுவது எது, கூறாதது எது என்பதையும் வினவுவார்.

தொகுத்து நோக்குமிடத்து, போதாயனர் முதல் மாதவர் வரை நாம் கண்ட பெரியோர் எவரும் தமது விடையை இறுதியானதென்று கொண்டிலர். கழிக்க வேண்டியதையும் கூட்ட வேண்டியதையும் விடையோடு சேர்த்தே அவர்கள் விட்டுச் சென்றனர். முன்னோரின் எண்களை மனனஞ் செய்து போற்றுவதால் மட்டும் அவர்களுக்கு நாம் வாரிசுகளாகிவிட மாட்டோம். அவர்கள் விட்ட மீதியைக் கண்டு, அடுத்த திருத்தத்தை நாம் செய்வதாலேயே அவ்வுரிமை நமக்கு வந்து சேரும்.